மாலை போட்ட படம்

வட்டக்கச்சி
30.05.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். இவருக்கு மட்டும் வயலுக்குள் இறங்கினால் முழங்கால் நோகிறது. அங்கே நீங்களும் அண்ணியும் சாருஜனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கண் எப்படி? மருந்து விடுகிறீர்களா?

போன் இருக்கக் கடிதம் என்ன கடிதம் என்று யோசிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கத்தியது பக்கத்து வளவுக்கும் கேட்டது. நான் வெட்டிவிட்டேன். திரும்ப எடுத்தீர்கள், திரும்ப வெட்டினேன். எழுத்தில் என்றால் நீங்கள் இடையில் புகுந்து கத்த முடியாது, நானும் வெட்ட முடியாது. பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்துக்கு ஆமிக்காரர் தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்று வெற்றிலை கொடுத்து, சல்யூட் அடித்து வரவேற்க வேண்டும் என்று ஏற்பாடு. தேனுகா தரம் மூன்றில் உயரமான பிள்ளை. அதனால் முதல் ஆளாக நிறுத்திவிட்டார்கள். யாரோ படம் எடுத்து முகநூலில் போட, அது டென்மார்க் வரை போய் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. "சுஜிதன்ரை மருமகள் ஆமிக்குச் சல்யூட் அடிக்கிறாள், நீ பாத்துக்கொண்டு நிக்கிறாய்" என்று செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லி என்னைக் கேட்டீர்கள். ஓம், பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வேறு என்ன செய்ய? அந்தத் தாங்கியில்தான் பிள்ளை தண்ணீர் குடிக்கிறாள்.

அதற்கு ஆறு நாள் முந்தித்தான், பதினெட்டாம் திகதி, சந்தியில் சிரட்டையில் உப்பில்லாத கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு, கடைசிச் சண்டையில் செத்த சனத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அடுத்த கிழமை சல்யூட். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்கிறாள்: "அம்மா, ஆரைக் கும்பிட வேணும், ஆருக்குச் சல்யூட் அடிக்க வேணும் எண்டு ஒரு தாளில எழுதித் தாங்கோவன். நான் பாடமாக்கிறன்."

அந்தத் தாளை நீங்களே எழுதி அனுப்புங்கள் அண்ணா. எனக்கு உலை கொதிக்கிறது.

அன்புத் தங்கச்சி,
தர்மிளா

*

ஹேர்னிங், டென்மார்க்
19.06.2023

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் எங்கள் குளக்கரைப் பிள்ளையார் துணை. மச்சானுக்கு முழங்காலுக்குப் பூச ஒரு களிம்பு அனுப்புகிறேன்.

நீ பகிடியாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாவீரன் பிறந்த வீட்டில் வளரும் பிள்ளை யாருக்குக் கை தூக்க வேண்டும் என்று கேட்கும் நிலை வந்தது யாருடைய பிழை? இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சாருஜனைக் கேட்டுப் பார். சித்தப்பாவின் பெயர், பிறந்த ஆண்டு, வீழ்ந்த களம் எல்லாம் ஒப்புவிப்பான். பனியில் பிறந்த பிள்ளைக்குத் தெரிந்தது வட்டக்கச்சியில் பிறந்த பிள்ளைக்குத் தெரியவில்லை.

இத்துடன் ஒரு பேச்சு இணைத்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான். தேனுகா கார்த்திகையில் வரும் மாவீரர் நாளுக்குள் பாடமாக்க வேண்டும். "தாய்மண் அழைத்தபோது தானாகவே எழுந்து சென்ற தளிர்" என்று தொடங்கும். அந்த இடத்தில் குரலை உயர்த்தச் சொல்.

இன்னொன்று. உன் வீட்டுச் சுவரில் தம்பியின் படம் ஒன்று இல்லை. முகம் தெரியாத ஒருவனுக்குப் பிள்ளை எப்படி மரியாதை செய்யும்? படம் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அண்ணன் குகதாசன்

*

வட்டக்கச்சி
16.07.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். களிம்பு வந்தது. இவர் பூசிக்கொண்டு வீடு முழுக்க மணக்க மணக்கத் திரிகிறார். உங்கள் பக்கம் வெயில் காலம் என்கிறார்கள், அனுபவியுங்கள்.

பேச்சை வாசித்தேன். முதல் வரியோடு மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மிச்சத்தைப் பின்னேரம்தான் வாசித்தேன். முதல் வரியைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

மிச்ச வரிகளைப் பற்றி எழுதுகிறேன். "விழுப்புண்" என்றால் என்ன என்று பிள்ளை கேட்டாள். சொன்னேன். "சமர்க்களம்" என்றால் என்ன என்றாள். சொன்னேன். "அப்ப சுஜி மாமாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்றாள். இரண்டு பக்கத்தில் அது எங்கேயும் இல்லை அண்ணா. பருத்தித்துறை வடை என்று நானே சொன்னேன். அன்றைக்குப் பிறகு பேச்சை அவள் தொடவில்லை, வடை கேட்கிறாள்.

படம் சுவரில் இல்லை என்கிறீர்கள். படம் எங்கே இருக்கிறது? அல்பம் மூன்றும் மாத்தளனில் நாங்கள் ஓடும்போது விட்ட பெட்டிக்குள் போனது. அம்மா சாகும்வரை அந்தப் பெட்டிக்காகத்தான் அழுதா, வீட்டுக்காகக்கூட அழவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "உன் வீட்டில் படம் இல்லை" என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்?

சிறுபோக வேளாண்மை பரவாயில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தர்மிளா

*

ஹேர்னிங்
08.08.2023

பாசமுள்ள தங்கச்சிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். கண்ணில் நீர் வடிவது குறைந்திருக்கிறது.

கோபிக்காதே. தம்பியின் படம் ஒன்று இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கிறது, அது என்னிடம்தான் இருக்கிறது. உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் அம்மா கேட்டிருப்பா, எனக்குப் பிரிய மனம் வரவில்லை. கிளிநொச்சி ஸ்ரூடியோவில் எடுத்த சின்னப் படம். நீலக் கோடு போட்ட சேட். அங்கிருந்து புறப்பட்ட நாளிலிருந்து என் பர்ஸுக்குள் கிடக்கிறது. பிளாஸ்ரிக்கோடு ஒட்டிப் போய் மங்கிவிட்டது. ஆனாலும் இந்தப் பதினைந்து வருஷமும் வேலைக்குப் போகுமுன் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன்.

என் நண்பன் ஜனகன் கொம்பியூட்டரில் படம் திருத்துகிறவன். பெரிதாக்கி, தெளிவாக்கி, சீருடை போட்டு, சட்டம் அடித்துத் தருகிறேன் என்கிறான். அடுத்த மாதம் ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன். முன் சுவரில், உள்ளே வருகிறவர்கள் பார்க்கிற மாதிரி மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
குகதாசன்

*

வட்டக்கச்சி
02.10.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தானே? எனக்கு உடனே தெரிய வேண்டும். தலைச்சுற்று, நெஞ்சு நோ ஒன்றும் இல்லையே? இரத்தம் சோதித்துப் பாருங்கள். காரை மெதுவாக ஓட்டுங்கள்.

படம் கிடைத்தது. மாட்டவில்லை. துணி சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், எழுத எனக்குக் கை வரவில்லை.

இரவில் வேலைக்குப் போகாதீர்கள்.

தர்மிளா

*

ஹேர்னிங்
21.10.2023

தர்மிளாவுக்கு,

நான் சுகம். எனக்கு ஒரு நோயும் இல்லை. ஒன்றுக்கு மூன்று தரம் என் உடம்பைக் கேட்டு எழுதிக் கதையை மாற்றாதே.

அலுமாரிக்குள் வைத்திருக்கிறாயா? சேலைகளுக்கு நடுவில்? ஒரு மாதம் வேலை முடிந்து போய் ஜனகனுக்குப் பக்கத்தில் இருந்து செய்வித்த படம் அது. யாருக்குப் பயம் உனக்கு? ஆமிக்காரன் வந்து கேட்பான் என்றா? ஆமிக்குச் சல்யூட் அடிக்கப் பிள்ளையை அனுப்பத் தெரியும், சொந்தத் தம்பியைச் சுவரில் வைக்கத் தெரியாது!

நீ செய்ய மாட்டாய் என்று தெரிந்துதான் நேற்று மச்சானின் போனில் தேனுகாவோடு கதைத்தேன். அலுமாரிக்குள் படம் இருக்கிறது, எடுத்து வைத்து மாலை போட்டு விளக்கு ஏற்று என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளையாவது செய்யட்டும்.

குகதாசன்

*

வட்டக்கச்சி
08.11.2023

அண்ணாவுக்கு,

முதலில் நலம் விசாரிக்கிறேன், பிறகு திட்டுகிறேன். நலமா? நல்லது.

நீங்கள் கடிதத்தில் பெருமையாக எழுதியது எனக்குக் கிடைக்க முன்னமே இங்கே நடந்து முடிந்துவிட்டது. சனிக்கிழமை நான் சங்கக் கடைக்குப் போய் வந்தேன். முன் அறையில் கதிரை. கதிரையில் உங்கள் படம். பிள்ளை வேலியில் நின்ற செவ்வரத்தம்பூ முழுவதையும் ஆய்ந்து மாலை கட்டிப் போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, விளக்கும் ஏற்றிவிட்டு, முன்னால் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர்த் தாங்கிக்கு அடித்த அதே சல்யூட். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

நான் ஓடிப்போய் மாலையைப் பிய்த்து எறிந்தேன். விளக்கை ஊதி அணைத்தேன். பிள்ளை பயந்து அழத் தொடங்கிவிட்டாள். "மாமாதான் சொன்னவர்!" என்று கத்துகிறாள்.

அண்ணா, "உங்கள் படம்" என்று மேலே எழுதினேனே, அது பிழையாக எழுதவில்லை. அந்தப் படத்தில் இருப்பது நீங்கள்.

நம்ப மாட்டீர்கள். படத்தின் இடது புருவத்தைப் பாருங்கள். நடுவில் வெட்டு. பத்து வயதில் வாய்க்கால் கட்டில் சைக்கிளோடு விழுந்தது யார்? தம்பியா? இரணைமடு வாய்க்காலிலிருந்து உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது அப்பா. இரத்தத்தைத் துடைத்தது என் சட்டை. உங்கள் இருவருக்கும் ஒரே முகவெட்டு, அன்றைக்குப் போட்டதும் ஒரே சேட். நல்ல சேட் வீட்டில் ஒன்றுதானே இருந்தது. ஸ்ரூடியோவில் முதலில் நீங்கள் போட்டு எடுத்தீர்கள், பிறகு கழற்றிக் கொடுக்க அவன் போட்டு எடுத்தான். பர்ஸுக்குள் எதை வைத்தீர்கள் என்று பார்க்கவில்லை. பதினைந்து வருஷம் நீங்கள் உங்களையே கும்பிட்டிருக்கிறீர்கள்.

உயிரோடு இருக்கிற மனிதனின் படத்துக்கு இந்த வீட்டில் மாலை விழுந்துவிட்டது. இப்படி நடந்துவிடக் கூடாது என்றுதான் அலுமாரிக்குள் வைத்தேன். செத்தவர் படம் மாதிரி உங்கள் முகத்தைக் கண்ட பயத்தில்தான் உங்கள் நெஞ்சையும் தலையையும் கேட்டு எழுதினேன். நீங்கள் அதைக் கதை மாற்றுவது என்கிறீர்கள். அன்றைக்குப் பின்னேரமே பிள்ளையார் கோவிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்து தேங்காய் உடைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு உங்கள் தலையில்தான் உடைத்திருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு எழுதியாயிற்று. அந்த முதல் வரியையும் எழுதிவிடுகிறேன். "தானாகவே எழுந்து சென்ற தளிர்." அந்தப் படம் எதற்கு எடுத்தது என்று உங்களுக்கு மறந்துபோயிற்றா? உங்கள் கண்ணில் நெற்சுணை பட்டு, வவுனியா ஆசுபத்திரிக்குப் போக, உங்கள் படமும் பிணை நிற்பவரின் படமும் வாங்கிக்கொண்டு இயக்கம் பத்து நாள் பாஸ் தந்தது. போகிறவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவரைச் சண்டைக்குக் கொண்டுபோவார்கள், அன்றைய சட்டம் அது. பிணைக் கையெழுத்து வைத்தது தம்பி. பதினோராம் நாள் அம்மா வாசல் படலையடியில் இருந்தா. பதினைந்தாம் நாள் வந்தார்கள். அவன் அப்போது சோறு தின்றுகொண்டிருந்தான். கை கழுவத்தான் எழுந்தான் அண்ணா.

அம்மா உங்களை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. "அவன் திரும்பி வந்திருந்தா ரெண்டையும் குடுத்திருப்பன். ஒண்டாவது மிஞ்சிச்சுதே" என்பா. நானும் சொல்லவில்லை, சொல்ல நினைக்கவும் இல்லை. நீங்கள் உயிரோடு இருப்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த வரியை என் பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள். தன் மாமா யார் என்று அவள் கேட்கிறாள். பொய்யான ஒருவனை மதிக்கப் பழக்க எனக்கு முடியாது.

தர்மிளா

*

வட்டக்கச்சி
03.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமும் இல்லை, போனும் இல்லை. அண்ணி மட்டும் "சுகமாத்தான் இருக்கிறார், கதைக்கிறார் இல்லை" என்கிறா. சாப்பிடுகிறீர்களா? நான் கடுமையாக எழுதிவிட்டேன். ஆனால் எழுதியதை வாபஸ் வாங்க மாட்டேன்.

கார்த்திகை இருபத்தேழாம் திகதி மாவீரர் துயிலும் இல்லத்துக்குப் போனோம். நல்ல மழை. ஆமி கல்லறைகளை உடைத்துத் தள்ளிய பிறகு எந்தப் பிள்ளை எங்கே என்று யாருக்குத் தெரியும்? எல்லோரும் ஒரு இடத்தைப் பிடித்து விளக்கு வைக்கிறார்கள். நாங்களும் வழக்கமான வேம்படியில் வைத்தோம். எல்லோர் கையிலும் படம். எங்கள் கையில் குடை.

பிள்ளை சல்யூட் அடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மனுசி, "ஏன் பிள்ளை, மாமாவுக்கு அடிக்கேல்லையோ?" என்று கேட்டா. "முகம் தெரியாது அம்மம்மா. போன முறை ஆள் மாறிப் போச்சு" என்றாள். அந்த மனுசி என்னைப் பார்த்த பார்வையை நான் என்ன சொல்ல!

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

தங்கச்சி,
தர்மிளா

*

ஹேர்னிங்
20.12.2023

தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமா? இதற்குமேல் உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை. இதனுள் இருப்பது தேனுகாவுக்கு. கொடுப்பதா விடுவதா என்பது உன் விருப்பம்.

அன்புள்ள மருமகள் தேனுகாவுக்கு,

நான் குகன் மாமா. அம்மா மாலையை அறுத்ததற்கு அம்மாவோடு கோபிக்காதே. பிழை என்னுடையது.

அந்தப் படம் பெரிதாகி வந்தபோது புருவத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதை அழித்துவிடு என்று ஜனகனிடம் சொன்னேன். "அண்ணை, இது படத்தில விழுந்த கீறல் இல்லை, ஆளின்ரை புருவத்தில இருக்கிற வெட்டு" என்றான். எனக்கு விளங்கியது. விளங்காதது போல, "சரி, இருக்கட்டும்" என்றேன். வேறு படம் இல்லை. என் தம்பியின் முகம் என்னிடம் இல்லை என்று ஒத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது.

நான் பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். கண் மூன்று நாளில் சுகமாகிவிட்டது. நெளுக்குளத்தில் மாமி வீட்டில் தங்கியிருந்தேன். ஒன்பதாம் நாள் பையைக் கட்டினேன். பத்தாம் நாள் விடிய பஸ்ஸுக்கு வந்து நின்றேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறவில்லை. திரும்பிப் போனால் என்னைச் சண்டைக்குக் கொண்டுபோவார்கள் என்று பயம். தம்பி சின்னவன், அவனை விடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்றும் தெரியும்.

சுஜி மாமா போக விரும்பிப் போகவில்லை. என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார். அதனால் போனார். அந்தப் பேச்சைப் பாடமாக்க வேண்டாம். கிழித்துவிடு.

மாமா

*

வட்டக்கச்சி
17.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. மழைக்குள் அடுப்பு மூட்ட இவர் பட்ட பாட்டைப் பார்த்து நானும் பிள்ளையும் சிரித்தோம். நீங்கள் பொங்கினீர்களா? கண்ணுக்கு மருந்து விடுங்கள்.

கடிதத்தை நானே பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் அவள் தாளை என்னிடமிருந்து வாங்கி, மிச்சத்தைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தாள். முடித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள்: "கையெழுத்து வைக்கேக்க சுஜி மாமா பயந்தவரோ?"

நான் பக்கத்தில் நின்றேன் அண்ணா. எனக்குத் தெரியும். பயப்படவில்லை. பேனையை வாங்கிக்கொண்டு சிரித்தான். "அண்ணா வருவான்தானே, எனக்கென்ன" என்றான். அதை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றும் இருக்கிறது.

பேச்சைக் கிழித்தாயிற்று. உங்கள் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, துணி சுற்றி, அங்கே வருகிற யாரிடமாவது தந்துவிடுகிறேன். அந்தச் சீருடையோடு இந்த வீட்டில் வேண்டாம், நீங்கள் நேரில் வரும்போது ஒழுங்கான சேட்டோடு ஒன்று எடுப்போம். வெறும் சட்டத்தைப் பிள்ளை வைத்துக்கொண்டாள். அதற்குள் சுஜி மாமாவைத் தானே கீறி வைக்கப் போகிறாளாம். கொப்பியும் பென்சிலுமாக என் முன்னால் இருந்து, முகம் எப்படி, மூக்கு எப்படி, காது எப்படி என்று கேட்டுக் கேட்டுக் கீறினாள். குகன் மாமாவைப் போல, ஆனால் புருவத்தில் வெட்டு இல்லை என்றேன். சேட் நீலக் கோடு என்றேன். தலைமயிர் எண்ணெய் வைத்தாலும் படியாது என்றேன். கன்னத்தில் குழி விழும் என்றேன்.

"எந்தக் கன்னம்?" என்றாள்.

எனக்கு நினைவில்லை அண்ணா. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். இரண்டு நாளாக யோசிக்கிறேன், வலதா இடதா என்று வரமாட்டேன் என்கிறது. இவரைக் கேட்டால் இவர் அவனைக் கண்டதே இல்லை. அம்மாவும் இல்லை. கேட்க இந்த உலகத்தில் உங்களைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.

போனில் சொல்ல வேண்டாம், எழுத்தில் வேண்டும் என்கிறாள், சட்டத்துக்குப் பின்னால் ஒட்டி வைக்கவாம். இரண்டு கன்னத்தையும் வெறுமையாக விட்டுவிட்டு, இந்தக் கடிதம் போக முன்னமே தபால்காரனின் சைக்கிள் மணி கேட்கும் நேரமெல்லாம் படலைக்கு ஓடுகிறாள். சுணங்காமல் எழுதுங்கள்.

தர்மிளா

*

ஹேர்னிங்
29.01.2024

இடது கன்னம். சிரிக்கும்போது மட்டும்தான் விழும். சிரிக்கிற மாதிரிக் கீறச் சொல்.